எங்க குரூப்பில் ‘கடைசி’ யாருமில்லை!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தே கால் மணிக்கு சைக்கிளை வெளியே எடுத்தால் போதும். "இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்?" என்று பால்காரர் முதல் எதிர்வீட்டு மாமி வரை கேட்டுவிடுவார்கள். உடம்பு இளைக்கவா, சர்க்கரைக்கா, டாக்டர் சொன்னாரா என்று காரணத்தையும் அவர்களே கண்டுபிடித்துக் கொடுப்பார்கள். அது கிடக்கட்டும். திருச்சி கே.கே.நகர் பக்கம் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து சைக்கிள் ஓட்டுகிறோம். அந்தக் குழுவில் நடந்த ஒரு விஷயத்தை நம் மலர் வாசகியரிடம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

குழு என்றதும் யூனிபார்ம், லட்ச ரூபாய் சைக்கிள் என்று நினைத்துவிடாதீர்கள். ஹெல்மெட் மட்டும் எல்லோருக்கும் கட்டாயம். அதில் சலுகையே கிடையாது. மற்றபடி ஆளுக்கொரு தினுசு. ஒருவர், மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா சைக்கிளில் வருகிறார். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், சைக்கிள் அம்மாவுக்கு வந்துவிட்டது! டிபன் கடை வைத்திருக்கும் தங்கச்சி புடவையில்தான் ஓட்டுவாள். பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் இருக்க வலை கட்டியிருக்கிறாள். பேங்கில் வேலை பார்க்கும் சின்னப் பெண் ஒருத்தியிடம் மட்டும் கியர் சைக்கிள்.

புதிதாக யார் வந்தாலும் முதலில் சீட் உயரத்தைத்தான் பார்ப்போம். சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். நம்மில் முக்கால்வாசிப் பேர், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் சீட்டை அடியோடு இறக்கி வைத்துக்கொண்டு, பிறகு முட்டி வலிக்கிறது என்று சைக்கிளையே விட்டுவிடுகிறோம். பழி சைக்கிள் மேல்!

முதல் மூன்று மாதம் சிரிப்பும் பேச்சுமாகப் போனது. ஏர்போர்ட் தாண்டி ஒரு டீக்கடை, அங்கே ஒரு டீ, திரும்பி வந்தால் வீட்டில் அப்போதுதான் எழுந்திருப்பார்கள். பிறகுதான் செல்போனில் தூரத்தைக் கணக்குப் போடும் செயலி வந்து சேர்ந்தது. பேங்க் பெண் நல்ல மனசோடுதான் செய்தாள். வாராவாரம் யார் எத்தனை கிலோமீட்டர், யார் முதல், யார் இரண்டாவது என்று பட்டியல் போட்டு எல்லோருக்கும் அனுப்பினாள். முதல் வாரம் ஒரே குஷி. அடுத்த வாரம் ஒருத்தி ராத்திரியில் தெருவையே பத்துச் சுற்று சுற்றி நம்பரைக் கூட்டினாள். அதற்கடுத்த வாரம் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அக்கா வரவில்லை. எங்களில் மூத்தவர், அறுபத்து நாலு வயசு. வீட்டுக்காரர் போனபிறகு வாசல்படி தாண்டாமல் இருந்தவரை நாங்கள்தான் வற்புறுத்திக் கூட்டி வந்திருந்தோம்.

மூன்று ஞாயிறு அவரைக் காணோம் என்றதும் நானும் டிபன் கடைத் தங்கச்சியும் வீட்டுக்கே போனோம். காபி கொடுத்தார், பேரன் போட்டோவெல்லாம் காட்டினார். சைக்கிள் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. கிளம்பும்போது நானே கேட்டேன்.

"நான் வந்தது காலைக் காத்து வாங்க. கடைசின்னு பேர் வாங்க இல்லம்மா. மகன் பெங்களூர்ல இருந்து போன் பண்ணி, ‘என்னம்மா, நீதான் லாஸ்ட்டாமே’ன்னு சிரிக்கிறான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "சரிக்கா, பட்டியலை விடுங்க. உங்களுக்கு எங்க போகணும்னு ஆசை?" என்று தங்கச்சி கேட்டாள். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "சமயபுரம்" என்றார். சின்ன வயசில் நடந்து போன பாதயாத்திரை. இப்போது முட்டி நடக்க விடவில்லை. சைக்கிள் மிதித்தால் முட்டி அத்தனை வலிப்பதில்லையாம்.

அன்று வந்ததுதான் எங்கள் நோட்டு. நாற்பது பக்க பள்ளிக்கூட நோட்டு. அதில் அவரவர் போக வேண்டிய இடத்தை அவரவரே எழுத வேண்டும். அக்கா சமயபுரம் என்று எழுதினார். விலையில்லா சைக்கிள்காரர், ‘ரேஷன் கடைக்கு, பயமில்லாமல், மெயின் ரோடு வழியாக’ என்று எழுதினார். அது ஒன்றரை கிலோமீட்டர்தான். யாரும் சிரிக்கவில்லை. பட்டியலை நிறுத்த முதலில் சம்மதித்ததும் பேங்க் பெண்தான். "எவ்ளோ தூரம் ஓட்டினேன்னு கேக்கக் கூடாது. அவங்க நோட்டுல எழுதினதுக்கு இன்னும் எவ்ளோ இருக்குன்னுதான் கேக்கணும்" என்று சட்டமே போட்டுவிட்டாள்.

இன்னொரு ஏற்பாடும் செய்தோம். அன்றைக்கு யார் காலில் தெம்பு அதிகமோ அவர் எல்லோருக்கும் பின்னால் வர வேண்டும். அவருக்குப் பெயர் ‘வால்’. பம்ப்பும் பஞ்சர் சாமானும் வாலிடம்தான். "இன்னிக்கு வால் யாரு?" என்று கேட்டுக்கொண்டுதான் கிளம்புவோம். வால் என்றால் இப்போது பெருமை!

எங்கள் பக்கமிருந்து சமயபுரம் போக இருபது கிலோமீட்டர் பக்கம் இருக்கும். அக்காவுக்கு நான்கு மாதம் பிடித்தது. வாரத்துக்கு இரண்டு கிலோமீட்டர்தான் கூட்டினோம். தாகம் எடுக்குமுன்னே தண்ணீர், எலுமிச்சையும் உப்பும் போட்டு. காவிரிப் பாலத்தில் நின்று மூச்சு வாங்கி, கொள்ளிடம் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட்டில் இறங்கி உட்கார்ந்து, மறுபடி ஏறி... கோபுரம் தெரிந்ததும் சைக்கிளை நிறுத்திவிட்டு அழுதுவிட்டார். திரும்பும்போது அவர் ஆட்டோவில், சைக்கிள் மினிவேனில். திரும்பி வருவதை அவர் நோட்டில் எழுதவே இல்லையே!

பேங்க் பெண்ணின் ஆசை பெரிசு. ‘ப்ரெவே’ என்று பிரெஞ்சுக்காரர்கள் ஏற்படுத்திய நெடுந்தூர ஓட்டம். நம் ஊர்களிலும் நடக்கிறது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வழியில் குறிப்பிட்ட இடங்களில் நின்று, வந்து போனதற்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிரான்சில் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் இதில் பெரிய அண்ணன். 1,200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம். 2023-ல் நடந்தது, அடுத்தது 2027-ல். இதைக் கேட்டபோது எனக்குப் பிடித்தது ஒன்றுதான். அதில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் கிடையாதாம். நேரத்துக்குள் வந்தவர்கள் எல்லாரும் ஒன்றுதான். "பாத்தியா, வெள்ளைக்காரனும் நம்ம நோட்டு மாதிரிதான் வெச்சிருக்கான்" என்றார் தபால் ஆபீஸ் அக்கா!

என் பெயருக்கு நேராக நான் எழுதியது புதுக்கோட்டை. ஒரு வழிக்கு ஐம்பது கிலோமீட்டர் சுமார். அங்கே என் சித்தி இருக்கிறார். 1991-ல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்களே, அதில் கற்றுக்கொண்டவர். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலாராணி சுங்கத். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பெண்கள் பழகினார்கள். முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. 1992-ல் பெண்கள் தினத்தையொட்டி 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்துக்கொண்டு ஊருக்குள் வந்ததைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் சித்தியும் ஒருத்தி. சித்தப்பா அன்று முழுக்க சாப்பிடாமல் முறைத்துக்கொண்டிருந்தாராம். மறுமாதமே தண்ணீர்க் குடத்தை கேரியரில் கட்டிக்கொடுத்தவரும் அவர்தானாம்.

நான் மாத்தூர் வரை பலமுறை, கீரனூர் வரை இரண்டு முறை போய்விட்டேன். கீரனூருக்கு அப்பால் வெயில் ஏறிவிடுகிறது, அதனால் மார்கழி பிறக்கட்டும் என்று வைத்திருக்கிறோம். நார்த்தாமலை போகிற பிரிவில் இட்லிப் பொட்டலம் பிரிப்பதாகத் திட்டம். அன்றைக்கு வால், பேங்க் பெண். தபால் ஆபீஸ் அக்கா கீரனூர் வரை மிதித்துவிட்டு அங்கிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்துகொள்வார். சித்தியிடம் போனில் சொன்னேன். "சரி சரி, மதியத்துக்கு எத்தனை பேருக்கு உலை வைக்கட்டும்?" என்றார்.

பதினொன்று என்று சொல்லியிருக்கிறேன்.

- ஒரு வாசகி, திருச்சி.