சுவரில் தலை முட்டி நிற்கும் நாய்

சப்பை மூக்கு, சுருக்கம் விழுந்த நெற்றி, உருண்டை விழிகள். 'பக்' ஜாதி நாயை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். முன்னொரு காலத்தில் சீனத்து அரண்மனைகளில் மடியில் வைத்துக் கொஞ்சப்பட்ட பிராணி அது. 2003-ம் ஆண்டில் ஒரு கைபேசி விளம்பரத்தில் சிறுவன் பின்னால் அது ஓடி வந்ததும், இந்தியாவிலும் அதன் மீது மோகம் பிறந்தது.

இந்தச் செல்லப் பிராணியின் மூளையையே அரித்துவிடும் கொடிய வியாதி ஒன்று உண்டு.

நேற்று வரை துள்ளி ஓடி வந்த நாய், திடீரென்று வலிப்பு கண்டு விழுகிறது. பிறகு வட்டமிட்டுச் சுற்றிச் சுற்றி வருகிறது. பழகிய வீட்டிலேயே திகைக்கிறது. சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்கிறது. பார்வையும் போய்விடுவதுண்டு. இளம் நாய்களுக்கே இது அதிகம் வருகிறது.

கிருமியா காரணம்?

இல்லை. 1989-ம் ஆண்டில் கார்டி, ஹாலிடே என்ற இரு அமெரிக்க நிபுணர்கள் இந்நோயை விரிவாக விவரித்தார்கள். அதன் பிறகும் எந்தக் கிருமியும் அகப்படவில்லை. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே மூளை மீது பாய்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! மால்டீஸ், சிவாவா, பெக்கினீஸ் போன்ற சிறு ஜாதி நாய்களிடமும் இது காணப்பட்டிருக்கிறது.

'ஸ்கேன்' படமும் முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையும் பலத்த சந்தேகத்தைத் தரும். மூளைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் நிச்சயம் பிறக்கும். அது பெரும்பாலும் நாய் இறந்த பின்புதான். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் பிரெட்னிசோலோன், வலிப்புக்குப் பெனோபார்பிடோன் ஆகியவை ஆயுளைச் சற்று நீட்டிக்கும். பூரண குணம் கிடையாது. வலிப்பு ஓயாதபோது, ஊசி போட்டு அமைதியாகப் போக விடுவதா என்ற வேதனையான கேள்வி எஜமானர் முன் நிற்கும்.

பிறப்பிலேயே வருவது

அமெரிக்காவில் 100 பக் நாய்களில் ஏறக்குறைய ஒன்று இந்த நோய்க்குப் பலியாவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதற்கு இடம் கொடுக்கும் பரம்பரைக் கூறு, நாயின் 12-வது குரோமோசோமில் இருக்கிறது. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் அதைப் பெற்ற குட்டிக்கு அபாயம் சுமார் 12 மடங்கு. 100-க்கு 11 நாய்கள் இப்படிப்பட்டவை. ஆனாலும் அவற்றில் பெரும்பாலானவை நோயின்றியே வாழ்ந்துவிடுகின்றன.

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தே இதைச் சோதித்துவிடலாம். கலிபோர்னியா சர்வகலாசாலையின் டேவிஸ் கிளை இச்சோதனையைச் செய்கிறது. அந்தக் கூறுள்ள நாய்களையெல்லாம் ஒதுக்கினால் ஜாதியே குறுகிப்போய் வேறு கோளாறுகள் தலைதூக்கும். ஆகவே, அக்கூறுள்ள இரண்டு நாய்களை இணை சேர்க்காதிருப்பதே நல்ல வழி.

நோய் வந்த பின் வைத்தியரால் செய்யக்கூடியது கொஞ்சம். வருமுன் வளர்ப்பவரால் செய்யக்கூடியது அதிகம். குட்டி வாங்கப் போகிறவர் மூக்கின் அழகை மட்டும் பார்த்தால் போதாது. தாய், தகப்பனின் சோதனைச் சீட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.