ஆட்டுப் பால் சீஸும் பால் ஒத்துக்கொள்ளாத வயிறும்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையின் முதல் சான்ட்ரோ கார் 1998-இல் வெளிவந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்தது. அதற்கு முன்னும் பின்னும் வந்த கைபேசி, டயர், லாரி, மோட்டார் சைக்கிள் ஆலைகள் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் சாப்பாட்டையே மாற்றிவிட்டன. கடைத்தெருவில் கொரிய எழுத்துப் பலகைகள் தொங்குகின்றன. ஒரு ஷிப்டு முடிந்து கேன்டீனில் உட்காரும்போது திருவண்ணாமலைப் பெண்ணும் பீகார் இளைஞரும் கொரியப் பொறியாளரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள்.

பால் என்று வரும்போது, இவர்கள் வயிறு ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை.

பாலில் இருக்கும் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதைச் சிறுகுடலில் சுரக்கும் லாக்டேஸ் என்ற நொதி குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் உடைத்தால்தான் உடம்பில் சேரும். தாய்ப்பால் குடிக்கும் வயதில் இந்த நொதி எல்லோருக்கும் தாராளமாகச் சுரக்கிறது. வளர வளரப் பலருக்கும் அது குறைந்துவிடும். அப்போது உடைபடாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயுவாக்குகிறது. சர்க்கரை தண்ணீரையும் குடலுக்குள் இழுக்கிறது. வயிறு உப்புசம், இரைச்சல், பேதி எல்லாம் இதனால்தான்.

இதை நோய் என்று சொல்வது பொருந்தாது. உலகில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெரியவர்களுக்கு லாக்டோஸ் முழுதாகச் செரிப்பதில்லை என்று 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. கிழக்காசியாவில் இந்த விகிதம் மிக அதிகம். வட ஐரோப்பாவில் மிகக் குறைவு. இந்தியாவுக்குள்ளேயே வடக்குக்கும் தெற்குக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. 1981-இல் வெளியான ஓர் ஆய்வில் வட இந்தியர்களில் 27.4 சதவீதம் பேருக்கும் தென்னிந்தியர்களில் 66.6 சதவீதம் பேருக்கும் பால் ஒத்துக்கொள்ளாமை தெரிந்தது. பின்னர் இந்தியத் துணைக்கண்டம் முழுவதிலுமிருந்து 2,284 பேரின் மரபணு மாதிரிகளைப் பரிசோதித்தார்கள். வளர்ந்த பிறகும் பாலைச் செரிக்க உதவும் மரபணு மாற்றம் வடமேற்கில் அதிகமாகவும் தென்கிழக்கை நோக்கி வர வரக் குறைவாகவும் இருந்தது. கால்நடை மேய்க்கும் சில சமூகங்களில் மட்டும் உயர்ந்து நின்றது. ஐரோப்பியர்களிடம் காணப்படும் அதே மாற்றம்தான் இது.

ஆக, ஒரகடத்தில் ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் தமிழ்த் தொழிலாளிக்கு உடம்பில் கோளாறு எதுவும் இல்லை. அவர் இங்கே பெரும்பான்மை.

இப்படி அவதிப்படுகிறவர்களுக்குத் தவறாமல் கிடைக்கும் யோசனை, “ஆட்டுப் பால் குடிங்க, லேசா இருக்கும்” என்பது. பாதி உண்மை. ஆட்டுப் பாலின் கொழுப்புத் துளிகள் சிறியவை. வயிற்றில் அந்தப் பால் மிருதுவாகத் திரிகிறது. ஆனால் லாக்டோஸ் விஷயத்தில் பெரிய சலுகை இல்லை. 100 மில்லி பசும்பாலில் சுமார் 4.7 கிராம் லாக்டோஸ் என்றால் ஆட்டுப் பாலில் 4.3 கிராம் அளவுக்கு இருக்கும். ஒரு டம்ளருக்கு மிச்சமாவது ஒரு கிராம்கூட இல்லை. பால் புரதத்தால் அலர்ஜி வரும் குழந்தைகளுக்கு ஆட்டுப் பாலைக் கொடுத்துப் பார்ப்பது ஆபத்து. இரண்டு பாலின் புரதங்களும் மிக நெருங்கியவை. ஒன்றுக்கு அலர்ஜி இருந்தால் மற்றதற்கும் பெரும்பாலும் வரும்.

ஆட்டுப் பால் சீஸ் வேறு கதை. பிரான்ஸில் செவ்ர் என்று அழைக்கப்படும் இந்தச் சீஸைச் செய்யும்போது, இளஞ்சூட்டுப் பாலில் உறைக்கிருமியையும் பாலைத் திரட்டும் ரென்னட் நொதியில் சில துளிகளையும் விட்டு ஏறக்குறைய ஒரு நாள் அசைக்காமல் வைக்கிறார்கள். பிறகு திரிந்த பாலைக் கரண்டியால் அள்ளித் துணியில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். பச்சையும் மஞ்சளும் கலந்த நீர் சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் வடிகிறது. லாக்டோஸ் நீரில் கரைவது. அதில் பெரும்பகுதி அந்த வடிநீரோடு போய்விடும். மிஞ்சியதில் ஒரு பங்கைக் கிருமிகள் புளிப்பாக்கிவிடுகின்றன. புதிய சீஸில் 100 கிராமுக்கு ஒரு கிராம் அளவுக்கே லாக்டோஸ் தங்கும். மாதக்கணக்கில் முதிரவைத்தால் அதுவும் ஏறக்குறைய தீர்ந்துவிடும்.

இந்தப் பெருமை ஆட்டுக்குச் சேராது; வடித்ததற்கும் புளிக்கவைத்ததற்கும் சேரும். பசும்பாலில் செய்த முதிர்ந்த செடார் சீஸும் இதே காரணத்தால் ஒத்துக்கொள்கிறது. வடித்துப் பிழிந்த பன்னீரிலும் பாலைவிடக் குறைவான லாக்டோஸே இருக்கிறது. பால்கோவா இதற்கு நேர் எதிர்: ஒரு லிட்டர் பாலின் 45 கிராமுக்கும் மேற்பட்ட லாக்டோஸ் சொட்டும் வெளியேறாமல் சுண்டி அதற்குள் இறங்கிவிடுகிறது.

தமிழ்நாட்டில் ஆடுகளுக்குப் பஞ்சமில்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் வெள்ளாடுகள் மட்டும் சுமார் 99 லட்சம். ஆனால் கன்னி, கொடி, சேலம் கருப்பு ஆகிய நம் இனங்கள் கறிக்காக வளர்க்கப்படுபவை. அவற்றின் பால் குட்டிக்கே சரியாகப் போகும். ஒரு கிலோ சீஸுக்கு ஏறத்தாழ பத்து லிட்டர் பால் வேண்டும் என்றால், அது இங்கே ஏன் விலை உயர்ந்த பண்டமாகவே இருக்கிறது என்பது விளங்கும். அதற்காக ஏங்கவும் வேண்டாம். நம் வீட்டுத் தயிர் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது.

பால் உறையும்போது கிருமிகள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. அதோடு லாக்டேஸ் போன்ற நொதியையும் சுமந்துகொண்டு நம் குடலுக்குள் வந்து, மீதியை அங்கே உடைக்க உதவுகின்றன. கிருமி உயிரோடு இருந்தால்தான் இந்த உதவி முழுதாகக் கிடைக்கும். கொதித்த மோர்க்குழம்பில் அது கிடைக்காது. நீர்மோரில் தண்ணீரும் சேர்வதால் லாக்டோஸ் இன்னும் குறைவு. மதியச் சாப்பாட்டோடு மோர் ஊற்றும் கேன்டீன் ஒரு நல்ல காரியத்தைச் செய்கிறது.

டீயை நினைத்தும் பயப்பட வேண்டியதில்லை. லாக்டோஸ் செரிக்காதவர்களிலும் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் வரை தாங்குவார்கள். ஒரு சிறு டம்ளர் டீயில் மூன்று கிராம் இருந்தால் அதிகம். வெறும் வயிற்றில் பெரிய டம்ளர் பால் குடிப்பதுதான் வம்பு. அசெம்பிளி லைனில் நிற்பவர் மாற்று ஆள் வராமல் நகர முடியாது. அவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிய வேண்டும். 2021 டிசம்பரில் இந்த வட்டாரத்தின் கைபேசி ஆலைப் பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதி உணவால் நோயுற்றதால், சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் உட்கார்ந்தார்கள். கடும் வயிற்றுப்போக்கு எதுவானாலும் குடலின் உட்சுவரைத் தேய்த்துவிடலாம். லாக்டேஸ் சுரப்பது அந்தச் சுவரில்தான். அதனால் பேதி நின்ற பிறகும் சில வாரங்களுக்குப் பால் சேராமல் போகலாம். சுவர் ஆறியதும் சரியாகிவிடும். எடை குறைந்தாலோ மலத்தில் ரத்தம் வந்தாலோ பால்மீது பழிபோட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பாலை அடியோடு நிறுத்துகிறவர்கள் கால்சியத்துக்கு வழி பார்க்க வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. முள்ளோடு தின்னும் நெத்திலியிலும் நிறைய இருக்கிறது. காலை ஷிப்டுக்கு முன் மோர் ஊற்றிக் கரைத்த கேழ்வரகுக் கூழ், ஒரு டம்ளர் பாலின் இடத்தைப் பெருமளவு நிரப்பிவிடும்.