சீனாவா, பாகிஸ்தானா... இந்தியா யாருக்காகத் தயாராக வேண்டும்? ராணுவ முன்னுரிமை முடிவாவது எப்படி?

2020 ஜூன் 15. லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீன ராணுவத்துடன் நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். அதில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி.

இதற்கு 7 ஆண்டுகளுக்கு முன்பே, சீன எல்லைக்கென ஒரு பெரிய தனிப்படைக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்திருந்தது. ஆனா, அந்தப் படை முழுமையாக உருவாகவே இல்லை. ஏன்? பார்க்கலாம்.

எதை வைத்து அச்சுறுத்தல் என்கிறார்கள்?

இரண்டு கேள்விகள்தான். அந்த நாட்டால் என்ன செய்ய முடியும்? அதைச் செய்யும் எண்ணம் இருக்கிறதா? முதலாவது திறன். இரண்டாவது நோக்கம்.

திறனை ஓரளவு கண்ணால் பார்க்கலாம். எல்லையில் போடும் ரோடு, கட்டும் விமானத்தளம் எல்லாம் சாட்டிலைட் படத்தில் தெரிந்துவிடும். நோக்கம் தலைவர்களின் மனசுக்குள் இருப்பது. 2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் மோடியும் ஜி ஜின்பிங்கும் இளநீர் குடித்தபடி பேசியது நினைவிருக்கா? அடுத்த 8 மாதத்தில் கல்வான் நடந்தது.

நோக்கம் மாற ஒரு இரவு போதும். படையை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். நட்பை மட்டும் நம்பித் திட்டம் போடக் கூடாது என்பது இதனால்தான்.

கணிப்பு தப்பிய கதை

1962-க்கு முன், சீனா பெரிய போருக்கு வராது என்ற எண்ணமே டெல்லியில் மேலோங்கி இருந்தது. அக்டோபரில் சீனா தாக்கியது. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவி விலகினார். பிறகு மலைப் போருக்கென புதிய டிவிஷன்கள் உருவாக்கப்பட்டன. ஆனால் 3 ஆண்டுகளில் அடுத்த போர் வந்தது பாகிஸ்தானிடமிருந்து!

1998-ல், சீனாதான் முதல் அச்சுறுத்தல் என்ற பொருளில் பேசினார் அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். அடுத்த ஆண்டே கார்கில்.

சுருக்கமாகச் சொன்னால், பாகிஸ்தானுடன் மோதல் வரும் வாய்ப்பு அதிகம். சீனாவுடன் மோதல் வந்தால் பாதிப்பு அதிகம். இதில் எதற்கு முதலில் பணம் என்பதுதான் சிக்கலே.

பாதியில் நின்ற படை

2013 ஜூலையில் அனுமதி கிடைத்த மலைத் தாக்குதல் படைக்கான திட்டம் சுமார் 90,000 வீரர்கள், 64,000 கோடி ரூபாய்க்கு மேல். தலைமையகம் மேற்கு வங்கத்தின் பனாகர். ஒரு டிவிஷன் உருவானது. நிதி போதாததால் இரண்டாவது டிவிஷன் வேலை நின்றது. கல்வானுக்குப் பிறகு, பாகிஸ்தானை நோக்கியிருந்த மதுரா படைப்பிரிவை லடாக் பக்கம் திருப்ப வேண்டியதாயிற்று.

காசு எங்கே போகிறது?

2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். விமானம், கப்பல், ஆயுதம் போன்ற மூலதனச் செலவுக்கு 1.80 லட்சம் கோடி. ஓய்வூதியத்துக்கு மட்டும் 1.60 லட்சம் கோடி. சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் நிறுத்த முடியாது. அதனால் கை வைக்கப்படுவது பெரும்பாலும் புதிய திட்டங்களில்தான். விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்டது 42 போர் விமானப் படைப்பிரிவுகள். 2025 செப்டம்பரில் மிக்-21 ஓய்வு பெற்ற பிறகு இருந்தது 29.

இப்போ என்ன புதுசு?

2025 மே மோதலின்போது பாகிஸ்தானுக்குச் சீனா நேரடித் தகவல்கள் கொடுத்ததாக ராணுவத் துணைத் தளபதி ராகுல் சிங் கூறினார். 2020-24-ல் பாகிஸ்தான் இறக்குமதி செய்த ஆயுதங்களில் 81% சீனாவுடையது என்கிறது சிப்ரி ஆய்வு நிறுவனம். அதாவது, 'சீனாவா, பாகிஸ்தானா' என்று பிரித்துப் பார்ப்பதே இனி கஷ்டம்.

அடுத்த பட்ஜெட்டில் மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீங்க. மூலதனச் செலவு எவ்வளவு, முன்பு அறிவித்த படைக்குப் பணம் வந்ததா என்று பாருங்கள். நாட்டின் உண்மையான முன்னுரிமை அங்கேதான் தெரியும்.