பாக்கி வைத்து வாங்குங்கள் கறவை மாட்டை

மாட்டுக்கு விலை பேசுவதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். பல்லைப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல் ஆயிரங்களை ஏற்றி இறக்குவார்கள். பேசிய பணத்தைக் கொடுக்கும்போதுதான் அந்தச் சாமர்த்தியம் காணாமல் போகிறது. அச்சாரம், மீதி ரொக்கம், தரகு எல்லாம் ஒரே மூச்சில் முடிந்து மாடு வண்டி ஏறிவிடும். உழவு மாட்டையாவது நடக்கவிட்டுப் பார்த்துவிடலாம். கறவை மாட்டில் நாம் விலை கொடுப்பது நாளைய பாலுக்கு. முதல் நாள் சாயங்காலம் கறக்காமல் விட்டுவிட்டால் சுமாரான மாட்டின் மடியும் காலையில் தளதளவென்று நிற்கும். தொடர்ந்து மூன்று வேளை கறந்து பார்த்து வாங்கச் சொல்கிறார்கள் கால்நடை வல்லுநர்கள். வெளியூர்க்காரர் எங்கே தங்கிப் பார்ப்பது? விலையில் ஒரு பங்கை நிறுத்தி வைத்து, வாங்கியவரின் தொழுவத்தில் மாடு கறந்து காட்டிய பிறகு கொடுப்பதுதான் நியாயமான ஏற்பாடு.

சட்டத்தை நம்பி முழுப் பணத்தையும் கொடுக்கலாமே என்றால், அது அவ்வளவு சுலபமில்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் மோசடியை விளக்கும் இடத்தில் ஒரு குதிரை வியாபாரத்தை உதாரணம் காட்டுகிறது. குதிரைக்குக் குறை இருப்பது தெரிந்தும் விற்பவர் ஏலத்தில் வாய் திறக்கவில்லை; அது மோசடி ஆகாது. ஆனால் வாங்குபவர், “நீங்கள் மறுக்காவிட்டால் குறையில்லை என்றே எடுத்துக்கொள்வேன்” என்று சொல்லியும் விற்பவர் மௌனம் சாதித்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். கேட்காதவனுக்குச் சட்டம் அவ்வளவாகத் துணை நிற்காது. கேட்டு வாங்கியவரும் வழக்குப் போட்டுப் பணம் திரும்ப வருவதற்குள் மாடு வற்றிவிடும். கையிலேயே இருக்கும் பாக்கிக்கு வக்கீல் தேவையில்லை.

விற்பவர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. இடம் மாறினால், தீவனம் மாறினால் எந்த மாடும் சில நாள் பால் குறைக்கும். அதைச் சாக்காக வைத்துப் பாக்கியை அமுக்கிவிடுவார்களே என்பது வீண் பயமில்லை. அதனால் முதல் சில நாள் கணக்கை விட்டுவிட்டு, ஏழாம், எட்டாம் நாள் கறவையை விற்றவரோ தரகரோ பார்க்க அளக்கலாம். பழகிய தீவனத்தில் ஒரு வாரத்துக்கு விற்றவரே கொடுத்தனுப்பலாம். குறைந்த லிட்டருக்கு இவ்வளவு கழிவு, அதுவும் பாக்கித் தொகைக்கு மேல் போகாது, கெடு தாண்டினால் முழுப் பாக்கியும் தர வேண்டும் என்று முன்பே பேசிவிட்டால் தகராறுக்கு இடம் குறையும். தொகையும் பெயருக்கு இருக்கக் கூடாது. பத்து லிட்டர் என்று சொன்ன மாடு ஏழு கறந்தால், லிட்டர் 35 ரூபாய்க் கணக்கில் நாளுக்கு 105 ரூபாய் நஷ்டம். 200 நாளில் 21,000 ரூபாய். அறுபதாயிரம் ரூபாய் மாட்டுக்கு இரண்டாயிரத்தை நிறுத்தி என்ன பயன்? பத்தாயிரமாவது வேண்டும்.

“இதையெல்லாம் எழுதிக் கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடாதா?” என்பார்கள். பழகியவர்களுக்குள் வாக்கு போதும்தான். கைப்பேசியில் படம் பார்த்து முன்பின் தெரியாதவருக்கு அச்சாரம் அனுப்பும் காலத்தில் வாக்கை யார் பேரில் பிடிப்பது? ஒரு பக்கச் சீட்டு போதும். அதில் காது வில்லையின் 12 இலக்க எண், ஈத்து, சினையா இல்லையா, சொன்ன பால், பாக்கி, கெடு ஆகியவை இருக்கட்டும். இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். நிபந்தனையில்லாமல் பேசி முடித்த விற்பனையில், பணம் பாக்கி இருந்தாலும், மாடு அப்போதே வாங்கியவருடையது என்பதே 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொது விதி. அதன் பிறகு மாடு செத்தால் நஷ்டம் அவருக்கு. பிடித்தால் வைத்துக்கொள்கிறேன் என்று ஓட்டிப்போனால், அவர் ஒப்புக்கொள்ளும் வரை, அல்லது கெடு தாண்டும் வரை, மாடு விற்பவருடையதே. எந்த வகை வியாபாரம் என்பதைச் சீட்டின் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும்.