கண்ணாடிப் பலபடிகள்: வளைவும் முறிவும்

மாணவரின் அளவுகோல் முதல் வானூர்தியின் சாளரம் வரை பிளாஸ்டிக் புகாத இடமில்லை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றை மெல்ல மெல்ல வளைத்தால், வளைவின் வெளிப்புறத்தில் முதலில் மெல்லிய வெண்கீற்றுகள் தோன்றும்; பின்னர் அது சடக்கென ஒடிந்துவிடும். ஒடிவதற்கு முன் அவ்வெண்மை தோன்றுவது ஏன்? அது வெறும் அழுக்கா, வடுவா, அன்றி எச்சரிக்கையா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்ணாடி நிலை

பிளாஸ்டிக்குகள் பலபடிகள் எனப்படும் மிக நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனவை. 1920-இல் ஜெர்மானிய வேதியியலறிஞர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் இக்கருத்தை முன்வைத்தபோது அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பாலிஸ்டைரீன், அக்ரிலிக், பாலிகார்பனேட் ஆகியவற்றில் இச்சங்கிலிகள் ஒழுங்கின்றிச் சிக்கலான நூற்கண்டு போல் பின்னிக் கிடக்கின்றன. வெப்பநிலை உயர்ந்தால் அவை அசைந்து நெளியும். பொருள் ரப்பர் போல் குழையும். குறிப்பிட்ட ஒரு வெப்பநிலைக்குக் கீழே அவ்வசைவு உறைந்து, பொருள் கண்ணாடி போல் விறைத்துவிடும். இதனைக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்பர். பாலிஸ்டைரீனுக்கு இது ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ். பாலிகார்பனேட்டுக்கு ஏறத்தாழ 150 பாகை.

இரு வழிகள்

விறைத்த இப்பொருளின்மீது தகைவு மிகும்போது, அது இரு வழிகளில் உருமாறுகிறது. முதலாவது சறுக்கு நெகிழ்வு. சங்கிலிக் கூட்டங்கள் ஒன்றன்மீது ஒன்று சறுக்கி இடம்பெயர, பொருள் பருமன் மாறாமல் நீள்கிறது. பாலிகார்பனேட் இவ்வழியில் தன் நீளத்தைப்போல் இரு மடங்காகவும் நீளவல்லது. இரண்டாவது நுண்கீற்று தோன்றுதல். இழுவிசைக்குச் செங்குத்தாக மெல்லிய கீற்றுகள் பிறக்கின்றன. பாலிஸ்டைரீன் இவ்வழியையே நாடுவதால் ஒன்றிரண்டு விழுக்காடு நீள்வதற்குள் முறிந்துவிடுகிறது. ஆனால் அதே பாலிஸ்டைரீனை இழுக்காமல் அமுக்கினால், கீற்றுகள் தோன்றாமல் அது நெகிழ்ந்து கொடுக்கிறது! கீற்று பிறக்க இழுவிசை இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

கீற்று விரிசல் அன்று

நுண்கீற்றை விரிசல் என்று கருதுவது பிழை. விரிசலின் இரு கரைகளுக்கிடையே வெற்றிடமே உண்டு; அது சுமை தாங்காது. நுண்கீற்றினுள்ளோ சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரை பருமனுள்ள எண்ணற்ற நுண்ணிழைகள் இரு கரைகளையும் தைத்து நிற்கின்றன. இடையிலுள்ள வெற்றிடங்கள் ஒளியைச் சிதறடிப்பதாலேயே வெண்மை தோன்றுகிறது. காயமும் அதனைத் தைத்த நூலும் ஓரிடத்தே அமைந்த விந்தை இது! இழைகள் அறுந்தால் கீற்று விரிசலாக மாறும், முறிவு தொடங்கும்.

இழைகளின் உறுதி எதனைப் பொறுத்தது? சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னியுள்ள நெருக்கத்தைப் பொறுத்தது. 1980-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் கிரேமர் குழுவினர் மின்னணு நுண்ணோக்கி கொண்டு இதனை ஆராய்ந்தனர். பின்னல் நெருக்கமாயின் சறுக்கு நெகிழ்வும், தளர்வாயின் நுண்கீற்றும் மேலோங்கும். குறுந்தகட்டின் உறையாகிய பாலிஸ்டைரீன் கீழே விழுந்தால் நொறுங்குவதும், பாலிகார்பனேட்டாலான தகடு பிழைத்துக்கொள்வதும் இதனாலேயாம்.

குறையையே காவலாக மாற்றவும் அறிவியல் கற்றது. பாலிஸ்டைரீனில் நுண்ணிய ரப்பர்த் துகள்களைக் கலந்தால், ஓரிடத்தில் ஒரு பெருங்கீற்று வளர்வதற்கு மாறாக, எங்கும் எண்ணற்ற சிறு கீற்றுகள் தோன்றித் தாக்கும் ஆற்றலைப் பகிர்ந்துகொள்கின்றன. குளிர்பதனப் பெட்டிகளின் உட்சுவர் பெரும்பாலும் இத்தகைய பொருளே.

காலமும் வேதிப்பொருளும்

உடனே முறிக்காத சிறு சுமையும் நெடுங்காலம் நீடித்தால் முறிக்கவல்லது. வேதிப்பொருள் தீண்டினால் அக்காலம் இன்னும் சுருங்கும். 1982-இல் மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை வெடித்தபோது, கந்தக அமிலத் துளிகள் அடுக்கு மண்டலத்தில் பரவின. அதன்பின் உயரே பறந்த வானூர்திகளின் அக்ரிலிக் சாளரங்களில் நுண்கீற்றுகள் பெருகின; பலவற்றை உரிய காலத்திற்கு முன்னரே மாற்ற நேர்ந்தது. உள்ளழுத்தத்தால் ஏற்கெனவே தகைவுற்றிருந்த தகடுகளை அமிலம் மேலும் நலிவுறச் செய்தது.

இப்பாடம் நம் தலைக்கும் உரியது. இருசக்கர வாகனம் ஓட்டுவோரின் தலைக்கவச ஓடுகள் பல, பாலிகார்பனேட் போன்ற பலபடிகளால் ஆனவை. அவற்றைப் பெட்ரோலாலோ தின்னராலோ துடைப்பதும், கண்ட வண்ணங்களைப் பூசுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்கீற்றுகளை வரவழைக்கும். பளபளப்பு குன்றாத கவசம் விபத்தின்போது கைவிட்டுவிடக்கூடும். மென்மையான சோப்பு நீரே அதற்குப் போதுமானது. பலமாக ஒருமுறை அடிபட்ட கவசத்தை மாற்றிவிடுவதே நலம்.

பொருள்கள் பெரும்பாலும் திடீரென முறிவதில்லை. முறிவு நம் கண்ணுக்குத்தான் திடீரெனப் படுகிறது. முன்னரே தோன்றும் வெண்கீற்று பொருள் நமக்கு விடுக்கும் அறிவிப்பாகும். அதனைப் படிக்கக் கற்றுக்கொள்வோர் முறிவை முந்திக்கொள்வர், உயிரையும் காத்துக்கொள்வர்.