ஆயிரம் முறை குலுக்கிப் பாருங்கள்! பல்கலைக்கழகப் புள்ளியியல் பாடம் உங்கள் வீட்டு கம்ப்யூட்டரில்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் செய்யும் வேலைகள் மூன்று. படம் பார்ப்பது, பாட்டு கேட்பது, பிள்ளைகளின் ப்ராஜெக்டை பிரிண்ட் எடுப்பது. கொஞ்ச நாள் போனதும், "இதை வைத்து உருப்படியாக வேறு என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வரும். ராஜபாளையத்தில் பலருக்கும் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பவன் என்பதால் இந்தக் கேள்வியை நான் அடிக்கடி கேட்கிறேன். கையில் உள்ள கொஞ்சம் எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தலாம் என்பது என் பதில்களில் ஒன்று.

எங்கள் ஊரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மதுரை போகும் சாலையில் கிருஷ்ணன்கோவில் வரும். அங்கே உள்ள கலசலிங்கம் பல்கலைக்கழகம் 1984ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2006ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. இன்று டேட்டா சயின்ஸ் படிக்கப் போகும் மாணவர்கள் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் ஒரு பாடத்தைச் சந்தித்தே ஆக வேண்டும். கம்ப்யூட்டர் வழியாகப் புள்ளியியல் முடிவுகளை எடுப்பது எப்படி என்பதுதான் அந்தப் பாடம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அதன் அடிப்படை யோசனைகளில் ஒன்றை, பள்ளிக்கூடக் கணக்கில் சராசரி போடத் தெரிந்த யாரும் அரை மணி நேரத்தில் செய்து பார்த்துவிடலாம்.

பால்கோவா கணக்கு

எனக்குத் தெரிந்த ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா தயாரிக்கிறார். 2019ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. அவருக்கு ஒரு பால் பண்ணையிலிருந்து ஒரு யோசனை வந்தது. "எங்கள் பால் கெட்டியானது. லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுங்கள். ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்" என்றார்கள். அவர் கணக்குப் பார்த்தார். பத்து லிட்டர் பாலுக்குச் சராசரியாக 3.2 கிலோ பால்கோவாவுக்கு மேல் கிடைத்தால் லாபம். அதற்குக் கீழே போனால் வருடம் முழுவதும் நஷ்டம்.

12 நாட்கள் அந்தப் பாலை வாங்கிக் கிண்டி, எடை போட்டு எழுதி வைத்தார். எளிதாகப் புரிவதற்காக முழுமையாக்கிய எண்கள் இவை (கிலோவில்):

3.2, 3.4, 3.1, 3.5, 3.3, 2.9, 3.4, 3.2, 3.6, 3.0, 3.3, 3.1

கூட்டினால் 39. சராசரி 3.25. "3.2ஐ விட அதிகம்தானே, கையெழுத்துப் போட்டுவிடலாமா?" என்று என்னிடம் கேட்டார்.

அவசரப்படக் கூடாது. வேறு 12 நாட்கள் கிண்டியிருந்தால் இதே 3.25 வந்திருக்குமா? 3.15 வந்திருக்கலாம், 3.35 வந்திருக்கலாம். இந்தச் சராசரி எவ்வளவு ஆடும் என்று தெரியாமல் ஒப்பந்தம் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடப்பது போல.

சொம்பும் சீட்டும்

மறுபடி மறுபடி 12 நாட்கள் பால் வாங்கிக் கிண்டிப் பார்க்க யாருக்கும் பணமும் இல்லை, நேரமும் இல்லை. இங்கேதான் அந்தப் பாடம் உதவிக்கு வருகிறது.

12 எண்களையும் 12 சீட்டுகளில் எழுதி ஒரு சொம்பில் போடுங்கள். குலுக்கி ஒரு சீட்டை எடுங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு, சீட்டை மறுபடியும் சொம்பிலேயே போட்டுவிடுங்கள். இப்படி 12 முறை எடுத்துச் சராசரி போடுங்கள். சில எண்கள் இரண்டு, மூன்று முறை வரும். சில எண்கள் வரவே வராது. அதனால் சராசரி 3.25ஆக இல்லாமல் கொஞ்சம் மாறும். சீட்டைத் திரும்பப் போடாவிட்டால் அதே 12 எண்கள்தான் வரும், சராசரியும் மாறாது. எனவே திரும்பப் போடுவது முக்கியம்.

இந்த வேலையை ஆயிரம் முறை செய்தால் ஆயிரம் சராசரிகள் கிடைக்கும். அவை எங்கிருந்து எங்குவரை பரவியிருக்கின்றன என்று பார்த்தால், நம் சராசரி எவ்வளவு ஆடும் என்பது தெரிந்துவிடும். இதற்குப் பூட்ஸ்ட்ராப் முறை என்று பெயர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் பிராட்லி எஃப்ரான் 1979ல் இதை வெளியிட்டார். தன் பூட்ஸ் வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வதாக ஆங்கிலத்தில் ஒரு பேச்சு உண்டு. இருக்கும் எண்களை வைத்தே அந்த எண்களின் நம்பகத்தன்மையை அளப்பதால் இந்தப் பெயர்.

கையால் ஆயிரம் முறை குலுக்கினால் கை விட்டுப்போகும். கம்ப்யூட்டருக்கு இது ஒரு நொடி வேலை.

செய்து பார்ப்போமா?

எக்ஸெல் இருந்தால் அதிலேயே செய்யலாம். இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். கீழே ஃபார்முலாக்களைத் தமிழில் கொடுத்திருக்கிறேன். நீங்கள் ஃபங்ஷன் பெயர்களையும் செல் எழுத்துகளையும் ஆங்கிலத்தில், இடைவெளி விடாமல் டைப் செய்ய வேண்டும்.

1. ஏ1 முதல் ஏ12 வரையுள்ள செல்களில் 12 எடைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக டைப் செய்யுங்கள்.

2. சி1 செல்லில் க்ளிக் செய்து இப்படி டைப் செய்து என்டர் தட்டுங்கள்: =இண்டெக்ஸ்($ஏ$1:$ஏ$12,ராண்ட்பிட்வீன்(1,12)). 1 முதல் 12க்குள் ஏதோ ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்து, அந்த இடத்தில் உள்ள எடையை இது கொண்டுவரும். டாலர் குறிகளை விட்டுவிடாதீர்கள். காப்பி செய்யும்போது செல் முகவரி நகராமல் இருக்க அவை தேவை.

3. சி1ன் வலது கீழ் மூலையில் உள்ள சிறு கட்டத்தை மவுஸால் பிடித்து என்1 வரை இழுங்கள். 12 சீட்டுகள் எடுத்தாயிற்று.

4. ஓ1 செல்லில் =ஆவரேஜ்(சி1:என்1) என்று கொடுங்கள். இது ஒரு குலுக்கலின் சராசரி.

5. சி1 முதல் ஓ1 வரை செலக்ட் செய்து, 1000வது வரிசை வரை கீழே இழுத்து விடுங்கள். ஆயிரம் குலுக்கல் தயார்.

6. க்யூ1 செல்லில் =பெர்சென்டைல்(ஓ1:ஓ1000,0.025) என்றும், க்யூ2 செல்லில் =பெர்சென்டைல்(ஓ1:ஓ1000,0.975) என்றும் கொடுங்கள். இரண்டு ஓரங்களிலும் நூற்றுக்கு இரண்டரையை ஒதுக்கிவிட்டால் நடுவில் உள்ள 95 சதவீதத்தின் எல்லைகள் இவை.

ஏறக்குறைய 3.14, 3.36 என்று விடை வரும். எஃப்9 கீயை அழுத்தினால் புதிய ஆயிரம் குலுக்கல்கள் நடந்து விடை சற்று மாறும். ஆனால் பெரிதாக மாறாது.

இப்போது பாருங்கள். சராசரி 3.25 என்றாலும், அது உண்மையில் 3.14ஆகக்கூட இருக்கலாம். லாபத்துக்குத் தேவை 3.2. ஆயிரம் சராசரிகளில் 3.2க்குக் கீழே எத்தனை என்று எண்ண =கவுண்ட்இஃப்(ஓ1:ஓ1000,"<3.2") என்று கொடுங்கள். 180ஐ ஒட்டி ஒரு எண் வரும். ஒதுக்கித் தள்ளக்கூடிய எண் அல்ல அது.

"ஒரு வருட ஒப்பந்தம் இப்போது வேண்டாம். ஒரு மாதத்துக்கு வாங்கிப் பார்க்கலாம், எடையை எழுதிக்கொண்டே வாருங்கள்" என்றேன். அவரும் அப்படித்தான் செய்தார்.

கம்ப்யூட்டருக்குத் தெரியாதது

சொம்பில் போடாத சீட்டு வெளியே வராது. அந்த 12 நாட்களும் ஒரே மாதத்தில் வந்தவை. கோடையில் தீவனம் குறைந்து பால் மாறினால் அது இந்த எண்களில் இல்லை. ஆயிரம் முறை அல்ல, பத்து லட்சம் முறை குலுக்கினாலும் அந்தத் தகவல் வராது. எனவே அளவுகளை வெவ்வேறு மாதங்களில் எடுப்பதுதான் புத்திசாலித்தனம். எண்கள் 10, 12 என்று குறைவாக இருந்தால் இந்த முறையில் கிடைக்கும் எல்லைகள் உண்மையில் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் குறுகலாகவே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லையைப் பாதியாகச் சுருக்க வேண்டுமானால் அளவுகள் இரண்டு மடங்கு போதாது, நான்கு மடங்கு வேண்டும். அதாவது 12 நாட்களுக்குப் பதில் 48 நாட்கள்.

மில்லில் ஒரு குலுக்கல்

ராஜபாளையம் நூற்பாலைகளுக்குப் பெயர் பெற்றது. பக்கத்துச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பெயர் பெற்றது. நூல் வாங்குபவருக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. புதிதாக வந்த நூல் பழையதைவிட உண்மையிலேயே பலமானதா, அல்லது சோதித்த கோன்கள் தற்செயலாக நன்றாக அமைந்துவிட்டனவா?

இதற்கும் குலுக்கல்தான். இரண்டு வகை நூலிலும் ஐந்தைந்து கோன்களைச் சோதித்து, பத்து எண்களையும் ஒன்றாகக் கலந்துவிடுங்கள். எவை "புதியது", எவை "பழையது" என்ற பெயர்களை மட்டும் மாற்றி மாற்றி ஒட்டிப் பாருங்கள். மொத்தம் 252 விதங்களில் ஒட்டலாம். நமக்குக் கிடைத்த அளவு பெரிய வித்தியாசம் அவற்றில் எத்தனை முறை வருகிறது? அடிக்கடி வந்தால், அது தற்செயலாகவே இருக்கலாம். அபூர்வமாக வந்தால், புதிய நூல் பலமானது என்று நம்ப இடமுண்டு. கோன்கள் இருபது இருபது என்று ஆனால் விதங்கள் 13,784 கோடியைத் தாண்டும். அத்தனையையும் பார்க்காமல், கம்ப்யூட்டர் ஒரு பத்தாயிரத்தைக் குலுக்கி எடுத்துப் பார்த்தாலே நல்ல விடை கிடைத்துவிடும்.

புலியை எண்ணுவது எப்படி?

ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021ல் அறிவிக்கப்பட்டது. காட்டில் உள்ள புலிகளை வரிசையில் நிறுத்தி எண்ண முடியாது. தானியங்கி கேமராக்களில் பதிவாகும் படங்களிலிருந்து கணக்கிடுகிறார்கள்.

அதன் அடிப்படையைக் கண்மாய் மீனில் புரிந்துகொள்ளலாம். 100 மீன் பிடித்து அடையாளமிட்டு விட்டுவிடுகிறோம். பிறகு மறுபடி 100 மீன் பிடித்தால் அதில் 10 அடையாள மீன்கள் இருக்கின்றன. பத்தில் ஒன்று அடையாள மீன் என்றால் கண்மாயில் சுமார் 1000 மீன் இருக்கலாம். புலிக்கு அடையாளம் நாம் போட வேண்டியதில்லை. அதன் வரிகளே அடையாளம்.

2018ஆம் ஆண்டு அகில இந்தியக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. கிடைத்த படங்கள் சுமார் 3.48 கோடி. அடையாளம் காணப்பட்ட தனித்தனிப் புலிகள் 2,461. ஆனால் வெளியிடப்பட்ட மதிப்பீடு 2,967. கூடவே 2,603 முதல் 3,346 வரை என்று எல்லைகளும் சொல்லப்பட்டன. 2022 கணக்கெடுப்பில் மதிப்பீடு 3,682, எல்லைகள் 3,167 முதல் 3,925 வரை. செய்திகளில் பெரும்பாலும் நடு எண் மட்டும் வரும். இனி எல்லைகளையும் தேடிப் படியுங்கள்.

நம் நாட்டில் இதற்கு ஒரு முன்னோடி

1931ல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர் பி.சி. மகலனோபிஸ். வங்காளத்தில் சணல் சாகுபடிப் பரப்பை மாதிரிகள் மூலம் மதிப்பிட்டபோது அவர் ஒரு யுக்தி செய்தார். ஒரே பகுதியில் தனித்தனி மாதிரிகளைத் தனித்தனி ஆட்களிடம் கொடுத்தார். இரண்டு விடைகளும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதே கணக்கின் நம்பகத்தன்மையைக் காட்டியது. பூட்ஸ்ட்ராப் முறைக்கு முன்னோடிகளில் ஒன்றாக இதைச் சொல்பவர்கள் உண்டு. அந்த நிறுவனத்துக்குத்தான் 1955ல் ஹெச்.இ.சி. 2எம் என்ற கம்ப்யூட்டர் இங்கிலாந்திலிருந்து வந்தது. மகலனோபிஸ் பிறந்த ஜூன் 29ஐ, 2007 முதல் நாடு புள்ளியியல் தினமாகக் கொண்டாடுகிறது.

மேலே படிக்க

இந்த முறைகளுக்கு உலகெங்கும் பயன்படும் சாஃப்ட்வேர் ஆர். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவரும் உருவாக்கியது. முழுவதும் இலவசம். நாம் மேலே செய்த ஆயிரம் குலுக்கலை இதில் இரண்டு மூன்று வரிகளில் முடித்துவிடலாம். என்.பி.டி.இ.எல்., ஸ்வயம் தளங்களில் புள்ளியியல் பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். பட்டமாகவே படிக்க விரும்பினால் சென்னை ஐ.ஐ.டி. 2020ல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பு இருக்கிறது.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. உங்கள் வீட்டுக் கரண்ட் மீட்டரை 13 நாட்கள் ஒரே நேரத்தில் பார்த்து, 12 நாட்களின் தினசரி யூனிட்டைக் குறித்து வையுங்கள். பிறகு மேலே சொன்ன ஆறு படிகளையும் செய்யுங்கள். சராசரிக்குப் பக்கத்தில் அதன் எல்லைகளையும் எழுதும் பழக்கம் வந்துவிட்டால், அந்தப் பாடத்தின் முதல் அத்தியாயத்தை முடித்துவிட்டீர்கள்.