தலை தூக்கும் வினாடிகள்

கணினித் திரையில் காகசஸ் மலையடிவாரம். கா-50 போர் ஹெலிகாப்டரை ஓட்டப் பழகிவிட்டு முதல்முறை எதிரி எல்லைக்குள் நுழைகிறவர், பெரும்பாலும் முந்நூறு மீட்டர் உயரத்தில் நேராகப் போவார். மேலே இருந்தால் எல்லாம் நன்றாகத் தெரியுமே என்ற எண்ணம். கீழே இருப்பவர்களுக்கு அவர் அதைவிட நன்றாகத் தெரிவார். எந்த எச்சரிக்கையும் ஒலிக்காது. எங்கோ ஒரு காட்டோரத்திலிருந்து வெண்புகைக் கோடு ஒன்று கிளம்பும். சில வினாடிகளில் ஆட்டம் முடிந்து, மறுபடி ஓடுதளத்தில் எஞ்சினைக் கிளப்ப வேண்டியிருக்கும்.

எச்சரிக்கை ஒலிக்காததற்குக் காரணம் உண்டு. ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனம் 2008இல் வெளியிட்ட 'டிசிஎஸ்: பிளாக் ஷார்க்' சிமுலேட்டர், நிஜ ஹெலிகாப்டரின் பொத்தான்களை மட்டுமல்ல, குறைகளையும் அப்படியே கொண்டுவந்தது. கா-50இல் லேசர் கதிர் தன்மேல் பட்டால் சொல்லும் கருவி இருக்கிறது. ரேடார் தன்னை நோட்டம் விடுவதைச் சொல்லும் கருவி இல்லை. ஏவுகணை கிளம்பியதைக் கண்டுகொள்ளும் உணரிகள் பின்னால் வந்த மூன்றாம் பதிப்பில்தான் சேர்ந்தன. ஆகவே பழைய பதிப்பில் பிழைத்துக்கொண்டவர்கள் கைவேகம் உள்ளவர்கள் அல்ல. கிளம்புவதற்கு முன் வரைபடத்தின் முன் அரைமணி நேரம் உட்கார்ந்தவர்கள்.

அந்த அரைமணியில் நடப்பது எளிய வடிவியல். நான்கு குழல் கொண்ட ஷில்கா பீரங்கி வண்டி எங்கே நிற்கிறதோ அதைச் சுற்றி இரண்டரை கிலோமீட்டருக்கு ஒரு வட்டம். பீரங்கியும் ஏவுகணையும் சேர்ந்த துங்குஸ்காவுக்கு எட்டு கிலோமீட்டர். தோளில் வைத்துச் சுடும் இக்லாவுக்கு ஏறத்தாழ ஐந்து. வட்டங்களைப் போட்டபின், மலைமுகடுகள் அவற்றை எங்கே வெட்டுகின்றன என்று பார்க்க வேண்டும். முகட்டுக்கு இந்தப்பக்கம் விழும் வட்டத்தின் பகுதி, காகிதத்தில்தான் ஆபத்து. தாழப் பறப்பவருக்கு அது பாதை.

ஏன் தாழப் பறக்க வேண்டும்? ரேடார் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது, பூமியோ வளைந்திருக்கிறது. தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்திருக்கும் ஒரு ரேடார், தடையற்ற சமவெளியில், ஆயிரம் மீட்டரில் பறப்பதை சுமார் 140 கிலோமீட்டர் தொலைவிலேயே பார்த்துவிடலாம். நூறு மீட்டருக்கு இறங்கினால் அந்தத் தொலைவு 54 ஆகிறது. பத்து மீட்டருக்கு இறங்கினால் 26. இடையில் ஒரு குன்று வந்துவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாம்.

இங்கே ஒரு தந்திரம் பலருக்கும் தோன்றும். ரேடார்கள் அசையாத பொருள்களை வடிகட்டிவிடுகின்றன. மரமும் பாறையும் திரையை நிறைக்கக் கூடாது என்பதற்காக, நகரும் பொருளிலிருந்து மீளும் அலையின் அதிர்வெண் மாற்றத்தை மட்டுமே தேடுகின்றன. அப்படியானால் அந்தரத்தில் அசையாமல் நின்றுவிட்டால் போதாதா? போதாது. உடல் நின்றாலும் தலைக்கு மேல் விசிறி நிற்பதில்லை. அதன் இறகுநுனி வினாடிக்கு இருநூறு மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் சுற்றுகிறது. அந்தச் சுழற்சி தரும் எதிரொலியை வைத்தே 'இது ஹெலிகாப்டர்' என்று இனம்காணும் ரேடார்கள் உண்டு. நிற்பது சில நேரம் உதவும். மலை எப்போதும் உதவும்.

மறைந்தே இருந்தால் சுடுவது எப்படி? சிமுலேட்டரில் ஊறியவர்கள் பேச்சுக்குப் பேச்சு வினாடிகளை எண்ணுவது இதனால்தான். கா-50இன் விக்ர் ஏவுகணை லேசர் கற்றையைப் பிடித்துக்கொண்டு போகிறது. எட்டு கிலோமீட்டர் போய்ச் சேர இருபது வினாடிக்கு மேல் ஆகும். அதுவரை ஹெலிகாப்டர் இலக்கைப் பார்த்தபடி முகட்டுக்கு மேல் தலை காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எதிரே துங்குஸ்கா இருந்தால், அது பார்த்துச் சுடப் பத்து வினாடி அளவே போதும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆட்டம் யாருக்குச் சாதகம் என்பது தெரிந்துவிடும். அதனால் முதல் ஏவுகணை டாங்கிக்கோ லாரிக்கோ அல்ல, வான்காப்பு வண்டிக்கு. அதுவும் அதன் வட்டத்துக்கு வெளியே, எட்டு கிலோமீட்டரின் விளிம்பில் நின்று. சுட்டதும் இறங்கி, பக்கவாட்டில் நகர்ந்து, வேறோர் இடத்தில் எழ வேண்டும். அதே இடத்தில் இரண்டாம் முறை தலைகாட்டுவது வளைவிட்டு வெளிவரும் எலி பூனை காத்திருக்கும் வாசலிலேயே மறுபடி எட்டிப்பார்ப்பது போல. எழும்போதும் முதுகுக்குப் பின்னால் மலைச்சரிவு இருக்க வேண்டும், வானம் இருக்கக் கூடாது. வெளிர்நீலப் பின்னணியில் ஹெலிகாப்டர் துல்லியமான கரும்புள்ளி.

அமெரிக்காவின் அப்பாச்சி லாங்போ இந்த வினாடிக் கணக்கை எந்திரமாகவே மாற்றியது. விசிறித்தண்டின் உச்சியில் உருண்டையாக ரேடாரை வைத்துவிட்டார்கள். முகட்டுக்கு மேல் அந்த உருண்டை மட்டும் தெரிந்தால் போதும். விமானிகள் இருவரும் விசிறியும் மறைவில். அதன் ரேடார் ஹெல்ஃபயர் ஏவுகணை தானாகவே வழி தேடிப் போகும் என்பதால், சுட்டவுடன் இறங்கிவிடலாம்.

போர் விமானம் துரத்தினால் ஹெலிகாப்டருக்கு வழியே இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அமெரிக்கப் படைகளும் அப்படித்தான் நினைத்தன. 1970களின் இறுதியில் 'ஜே-கேட்ச்' என்ற பரிசோதனைத் தொடரை நடத்தினார்கள். அதன் தொடக்கமே நாசாவின் லாங்லி மையத்தில் இருந்த சிமுலேட்டரில். பின்னர் நிஜ வானத்தில் ஹெலிகாப்டர்களையும் ஜெட் விமானங்களையும் மோதவிட்டபோது, ஒரு ஹெலிகாப்டருக்கு ஐந்து ஜெட் என்ற விகிதத்தில் ஜெட்கள் 'வீழ்ந்தன'. தாழ்வாக, மெதுவாக, நினைத்த கணத்தில் மூக்கைத் திருப்பிக்கொள்ளும் ஒன்றை, வேகமாக மட்டுமே பறக்கத் தெரிந்த ஒன்று குறிபார்ப்பது எளிதாக இல்லை. இன்றும் சிமுலேட்டரில் ஜெட் விரட்டினால் அனுபவசாலிகள் ஓடுவதில்லை. அதன் பக்கம் மூக்கைத் திருப்பிப் பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறார்கள். ஓடுபவர் தன் எஞ்சினின் சூட்டையும் சேர்த்துக் காட்டுகிறார்.

சூடு என்றதும் ஆப்கானிஸ்தான் நினைவுக்கு வரும். 1986 செப்டம்பரில் ஜலாலாபாத் அருகே முஜாஹிதீன்கள் முதன்முதலாக ஸ்டிங்கரால் சோவியத் ஹெலிகாப்டர்களை வீழ்த்தினார்கள். எஞ்சின் வெப்பத்தைத் தேடிவரும் இந்த ஏவுகணை ஒலியைப் போல் இருமடங்குக்கும் மேலான வேகம் கொண்டது. மூன்று கிலோமீட்டரில் சுட்டால், உணர்ந்து செயல்பட ஐந்து வினாடி கிடைத்தால் அதிகம். வெப்பம் தேடும் ஏவுகணைகளுக்குச் சோவியத் படை மூன்று வழிகளில் பதில் தேடியது. சூடான புகையைக் குளிர்ந்த காற்றோடு கலந்து வெளிவிடும் உறைகள், துடிக்கும் அகச்சிவப்பு ஒளியால் ஏவுகணையின் கண்ணைக் குழப்பும் விளக்கு, எஞ்சினைவிடச் சூடாக எரிந்து ஏவுகணையைத் தன் பக்கம் இழுக்கும் ஃபிளேர்கள். இவற்றோடு இரவில் பறப்பதும் அதிகமானது. சிமுலேட்டரின் மி-24 ஹெலிகாப்டரில் இந்தக் கருவிகள் எல்லாம் இருக்கின்றன. தேர்ந்தவர்கள் ஏவுகணையைப் பார்த்தபின் ஃபிளேர் போடுவதில்லை. தாக்கும் பாய்ச்சலில் நுழையும்போதே போட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஃபிளேர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்திய வரலாற்றிலேயே துயரமான சான்று இருக்கிறது. 1999 மே 28 அன்று கார்கில் போரில் டோலோலிங் முகட்டின்மேல் ராக்கெட் தாக்குதல் நடத்திய விமானப்படையின் மி-17 ஹெலிகாப்டர்களில் ஒன்றை ஸ்டிங்கர் வீழ்த்தியது. நால்வர் உயிரிழந்தனர். அதில் ஃபிளேர் வீசும் அமைப்பு இருக்கவில்லை. அதன்பின் மி-17களைத் தாக்குதலுக்கு அனுப்புவது நின்றது. இங்கே கவனிக்க வேண்டியது நிலவமைப்பும்தான். எதிரி முகட்டின் உச்சியிலேயே இருக்கும்போது மறைவுக்கு மலை கிடையாது. அவ்வளவு உயரத்தின் மெல்லிய காற்றில் விசிறிக்கும் எஞ்சினுக்கும் பலம் குறைந்துவிடுவதால் சட்டென்று வளையவும் முடியாது. தாழ்ந்து பற, மறைந்து பற என்ற பாடம் செல்லாத இடம் அது.

பாடம் செல்லாத இன்னொரு இடம் ஈராக்கின் கர்பலா. 2003 மார்ச் 24 அதிகாலை, அமெரிக்காவின் 11ஆம் தாக்குதல் ஹெலிகாப்டர் ரெஜிமென்டைச் சேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்ட அப்பாச்சிகள் ஈராக் படையின் மெதீனா டிவிஷனைத் தாக்கக் கிளம்பின. வழியில் ஊர் விளக்குகள் சட்டென்று அணைந்து, ஓரிரு வினாடிகளில் மீண்டும் எரிந்தன. அதுதான் சமிக்ஞை. வீட்டுக் கூரைகளிலிருந்தும் தெருக்களிலிருந்தும் துப்பாக்கிகளும் சிறு பீரங்கிகளும் ஒரே நேரத்தில் வெடித்தன. ஒன்று வீழ்ந்து அதன் இரு விமானிகளும் சிறைப்பட்டார்கள். திரும்பியவற்றில் அநேகமாக எல்லாவற்றிலும் குண்டுத் துளைகள். தாழப் பறந்தால் ரேடாரிலிருந்து தப்பலாம்; துப்பாக்கிக்கு அது வாசலிலேயே போய் நிற்பது. சிமுலேட்டர் வடிவமைப்பாளர்கள் டாங்கிகளையும் ஏவுகணை வண்டிகளையும் நுணுக்கமாகச் செதுக்கும் அளவுக்கு, விளக்கை அணைத்து ஆள்சேர்க்கும் ஓர் ஊரைச் செதுக்குவதில்லை. வரைபடத்தில் வட்டம் போட முடியாத ஆபத்து அது. கண்ணுக்குத் தெரியாத மின்கம்பிகளும் அப்படித்தான். அவற்றுக்குப் பயந்து நிஜ ஹெலிகாப்டர்களின் நெற்றியிலும் வயிற்றிலும் கம்பிவெட்டிக் கத்தி பொருத்துகிறார்கள்.

நான்கு நாள் கழித்து 101ஆம் வான்வழி டிவிஷனின் அப்பாச்சிகள் அதே மெதீனா டிவிஷனை மறுபடி தாக்கின. இம்முறை பீரங்கிப்படையும் போர் விமானங்களும் உடன் இருந்தன. விமானிகள் ஓரிடத்தில் நின்று சுடவில்லை, ஓடிக்கொண்டே சுட்டார்கள். எதிரியால் ஒன்றையும் வீழ்த்த முடியவில்லை.

உக்ரைன் போரில் இரு தரப்புமே இன்னொரு வழிக்குப் போய்விட்டன. மரத்தலையை உரசியபடி வந்து, சில கிலோமீட்டர் தள்ளியே மூக்கைத் தூக்கி ராக்கெட்டுகளை வானத்தில் எறிந்துவிட்டு உடனே திரும்பிவிடுகின்றன. விமானி இலக்கைப் பார்ப்பதே இல்லை, குறியும் துல்லியமாக இருப்பதில்லை. அதே முறையை இப்போது சிமுலேட்டர்காரர்களும் பழகுகிறார்கள். எத்தனை டிகிரி மூக்குத் தூக்கினால் எத்தனை கிலோமீட்டரில் விழும் என்று ஆளுக்கொரு அட்டவணை வைத்திருக்கிறார்கள்.